பதிவாளரின் பக்கத்து நாற்காலி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு துறைத்தலைவரைப் பெரிய பொறுப்புக்குத் தயார்செய்ய வேண்டுமென்றால் பல்கலைக்கழகங்களுக்கு முதலில் தோன்றுவது பயிலரங்குதான். அவரும் போவார், சான்றிதழோடு திரும்புவார், திங்கட்கிழமை காலை பழையபடி கோப்புகளில் மூழ்கிவிடுவார். இந்த ஆய்வில் வருவது வேறு வழி. பொறுப்பில் இருக்கும் ஒரு நிர்வாகியின் கூடவே ஒரு பருவம் முழுக்க இருந்து, அவர் வேலை பார்ப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. ஷேடோயிங் என்கிறார்களே, அது.

முறை புதிதில்லை. அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பான அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் 1965 முதல் நடத்திவரும் ஃபெலோஸ் திட்டத்தின் அடிப்படையே இதுதான். நிர்வாகத்துக்கு வரக்கூடியவர் என்று கருதப்படும் பேராசிரியரோ இடைநிலை நிர்வாகியோ வேறொரு கல்வி நிறுவனத்துக்குப் போய், அதன் தலைவர், மூத்த நிர்வாகிகள் அருகில் இருந்து கற்கிறார். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அதைவிட மிகச் சிறிய ஏற்பாடு. சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே, வாரத்தில் ஒரு முழு நாள், முக்கியக் கூட்டம் இருந்தால் அதற்கும் சேர்த்து. கற்க வந்தவர் ஓர் அறிவியல் துறையின் தலைவர், அடுத்த ஆண்டு புலத்தலைவராக (டீன்) ஆகப் போகிறவர். கூட வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் பதிவாளர். இருவரையும் பேராசிரியர், பதிவாளர் என்றே குறிப்பிடுகிறேன். இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் கண்ட பலவற்றைச் சேர்த்து ஒரே நிகழ்வாகக் கோத்திருக்கிறேன் என்பதால், எந்த வளாகம் என்று யாரும் தேட வேண்டாம்.

ஏன் துணைவேந்தர் இல்லை, பதிவாளர்? துணைவேந்தரின் நாளில் விழாக்களும் விருந்தினர்களும் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்கள். அவர் பின்னால் நடப்பவர் நிறைய மேடைகளைப் பார்ப்பார். தேர்வு, பணி நியமனம், கட்டடம், வழக்கு, புகார் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துபோகும் மேசை பதிவாளருடையது. கற்க வேண்டியது வேலை என்றால் அங்கேதான் உட்கார வேண்டும் என்பது என் கருத்து.

ஏற்பாடு

தொடங்கும் முன் ஒரே பக்கத்தில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. கூட்டங்களில் பேராசிரியர் பேசக்கூடாது. ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, ஒருவரின் உடல்நலம் பற்றிய பேச்சு, பேராசிரியரின் சொந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கும் கோப்பு, இவற்றில் எது வந்தாலும் யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போய்விட வேண்டும். குறிப்பேடு பதிவாளர் அறையிலேயே இருக்கும். உள்ளே வருகிறவர்களிடம் பதிவாளர் முதலிலேயே கேட்டுவிடுவார்: “இவங்க என்கூட இருந்து நிர்வாகம் கத்துக்கிறாங்க. உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா சொல்லிடுங்க.” ஆட்சேபம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் முகம் சுளிக்காமல் சொல்ல முடிந்தது என்பதே அந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை என்று காட்டியது.

உட்காரும் இடம் இந்த அளவுக்கு முக்கியம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் மேசையின் பக்கவாட்டில், வருகிறவர்களின் பார்வையில் படும்படி நாற்காலி போட்டார்கள். வந்த ஆசிரியர்கள் பாதிப் பேச்சைப் பேராசிரியரைப் பார்த்தே பேசினார்கள். “உங்களுக்குத் தெரியும் மேடம், எங்க கஷ்டம்” என்று துணைக்கு இழுத்தார்கள். நாற்காலியைப் பதிவாளருக்குப் பின்பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டதும் அது நின்றுவிட்டது.

ஏற்பாட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. பயன் கிடைத்தது என்றால் இவற்றால்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் பேராசிரியர், “நானாக இருந்தால் என்ன செய்வேன், பதிவாளர் என்ன செய்வார்” என்று குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். நாள் முடிவில் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த வரிகளை வைத்துக்கொண்டு பேச வேண்டும். முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் நடந்து முடிந்தது எல்லாமே இயல்பாக நடந்ததாகத்தான் தோன்றும்.

கடைசியிலிருந்து தொடங்கியது

ஆரம்ப வாரங்களில் பேராசிரியரைப் பெரிய கூட்டங்களுக்கு அழைத்துப் போகவில்லை. வெளியே போகிற கடிதங்களின் வரைவு, கூட்டக் குறிப்புகளின் வரைவு, சுற்றறிக்கைகள் இவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் 1970-களில் லைபீரியாவில் தையல்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்களைக் கவனித்தார். அங்கே புதிதாக வந்தவர் முதலில் செய்வது பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது. அப்புறம்தான் துண்டுகளை இணைத்துத் தைப்பது. துணி வெட்டுவது கடைசியில். உடை உருவாகிற வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பழகுகிறார்கள். முடிந்த உடை எப்படி இருக்கும் என்று கை அறிந்த பிறகுதான் கத்தரி கைக்கு வருகிறது, தப்பு நடந்தாலும் நஷ்டம் குறைவு.

நிர்வாகத்தில் கத்தரி என்றால் முடிவெடுப்பது. பேராசிரியர் கடிதங்களைப் படிக்கப் படிக்க, ஒரு முடிவு கடைசியில் யார் கைக்கு, எந்த வாக்கியமாகப் போய்ச் சேருகிறது என்பது தெரிய ஆரம்பித்தது. ஒரே முடிவை மாணவருக்கு ஒரு மாதிரியும் தணிக்கைக்கு ஒரு மாதிரியும் எழுத வேண்டியிருப்பதையும், இரண்டும் முரண்படாமல் இருக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கண்டார்.

அதே வாரங்களில் இன்னொரு எதிர்பார்ப்பும் உடைந்தது. பதிவாளர் ஒரு விஷயத்தை உட்கார்ந்து யோசிப்பதை அவர் பார்க்கவே இல்லை. கோப்பைத் திறப்பார், தொலைபேசி வரும், பேசி முடிப்பதற்குள் வாசலில் ஒருவர் நிற்பார், அவர் போனதும் கையெழுத்து, திரும்பவும் கோப்பு. “சிதறிய கவனம்” என்று குறிப்பேட்டில் எழுதினார். மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் பக்கத்திலிருந்து கவனித்து 1973-இல் வெளியிட்ட ஆய்வை அவருக்குச் சொன்னேன். அந்த ஐவரில் ஒருவர் பள்ளி நிர்வாகத்தின் தலைவர், இன்னொருவர் மருத்துவமனைத் தலைவர். ஐவரும் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டவை. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்து சதவீதம்தான். நேரத்தில் 78 சதவீதம் பேச்சிலேயே போயிருக்கிறது. ஆகவே பதிவாளரின் நாள் கெட்டுப்போன நாள் இல்லை, அந்த வேலையின் நாளே அப்படித்தான். குறுக்கே வருகிறவர்கள்தான் அவருக்குச் செய்தி கொண்டுவருகிறவர்கள். கதவை மூடிவிட்டால் அறிக்கையில் வருவது மட்டுமே மிஞ்சும், அறிக்கை வருவதற்குள் விஷயம் முற்றியிருக்கும்.

இதை விட நன்றாக அவருக்குப் புரியவைத்தவர் பதிவாளரின் நேர்முக உதவியாளர். யாரை உடனே உள்ளே விடுவது, யாரை உட்காரவைப்பது, யாரிடம் “சார் மீட்டிங்ல இருக்காரு” என்பது, இதையெல்லாம் வெளியறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தாலே ஒரு நிறுவனத்தின் முன்னுரிமைகள் விளங்கிவிடும். அடுத்த முறை வருகிறவருக்கு அந்த அறையில் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் தள ஆய்வகம்

பருவத்தின் நடுவில் வந்தது ஓர் அறைச் சண்டை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றும். பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவர்களுக்கு இடத்தைவிடப் பெரிய பிரச்சினை கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர், வளாக நிர்வாகியின் பெரிய தலைவலிகளைப் பட்டியலிடும்போது ஆசிரியர்களின் வாகன நிறுத்தத்தையும் அதில் சேர்த்து வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கைதான், பொய் இல்லை.

ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றதிலிருந்து பூட்டிக் கிடந்த பழைய ஆய்வகம் அது. புள்ளியியல் துறை கணினிக் கூடத்துக்குக் கேட்டது. உயிரியல் துறை மாதிரிகளை வைக்கும் ஆழ்குளிர்ப் பெட்டிகளுக்குக் கேட்டது. இரண்டு துறைத்தலைவர்களும் தனித்தனியே எழுதிய கடிதங்களில் அறையைப் பற்றிய பத்தி ஒன்று, பழைய மனக்குறைகளைப் பற்றிய பத்திகள் மூன்று நான்கு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பதிவாளர் மின்பொறியாளரைக் கூட்டிக்கொண்டு அறையைப் பார்க்கப் போனார். சாவி ஆய்வக உதவியாளரிடம் இருந்தது. உள்ளே அலமாரிகளில் தூசி படிந்த கண்ணாடிக் குப்பிகள். பதிவாளர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்க, பொறியாளர் நேரே மின்பலகைக்குப் போய் மூடியைத் திறந்தார்.

“கம்ப்யூட்டர் போடலாம் சார். ஃப்ரீசர் நாலு அஞ்சு ராத்திரி பகலா ஓடணும்னா இந்த லைன் தாங்காது. கரண்ட் போனா இந்தத் தளத்துக்கு ஜெனரேட்டர் இணைப்பும் இல்ல.”

பதிவாளர் தலையாட்டினார், யாரிடமும் எதுவும் அறிவிக்கவில்லை. அன்று மாலை உயிரியல் துறைத்தலைவர் வேறொரு கையெழுத்துக்காக வந்தபோது, போகிற போக்கில் கேட்பதுபோல ஒரு கேள்வி: “கரண்ட் போச்சுன்னா உங்க மாதிரியெல்லாம் எவ்வளவு நேரம் தாங்கும் சார்?” அவர் பதில் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அறை விவகாரம் ஏழாவதாக இருந்தது. முதலாவதாக இருந்தது “வளாக இடவசதி: உறுப்பினர் கருத்துகள்”. அதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. ஒழுகும் கூரை, கழிப்பறை, வாகன நிறுத்தம், எப்போதோ மறுக்கப்பட்ட பணியிடம் எல்லாம் வந்தன. புள்ளியியல் தலைவர் குரலை உயர்த்தினார், ஒரு புலத்தலைவர் குறுக்கிட்டார். பதிவாளர் எழுதிக்கொண்டே இருந்தார். ஏழாவது பொருள் வந்தபோது உயிரியல் தலைவரே, “அந்த அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. எங்களுக்குத் தரைத்தளத்தில் பொருத்தமான அறை தந்தால் போதும்” என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

பேராசிரியர் கூட்டத்துக்கு முன் எழுதியிருந்தது: “அறையை இரண்டாகத் தடுத்துக் கொடுப்பார். நானும் அதையே செய்வேன்.” கூட்டத்துக்குப் பின் எழுதியது: “பதிவாளர் ஒன்றும் செய்யவில்லை. அதிர்ஷ்டம்.”

அன்றைய அரை மணி

பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தால், “பொறுமையாக இருந்தால் பிரச்சினை தானாகத் தீரும்” என்ற தவறான பாடத்தோடு போயிருப்பார். மாலைப் பேச்சில்தான் விஷயம் வெளியே வந்தது.

“பாதிப் பாதியா பிரிச்சா ரெண்டு பேருக்கும் பத்தாது மேடம். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் திரும்ப வந்து நிப்பாங்க.”

“முதல் பொருளை ஏன் அப்படி வச்சீங்க சார்?”

“அவங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. அதைச் சொல்ல ஒரு இடம் கொடுக்கலேன்னா அறை விஷயத்துலதான் கொட்டுவாங்க.”

இந்தப் பதில் பதிவாளரின் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் ஆய்வுலகம் இதை முன்பே எழுதி வைத்திருக்கிறது. மைக்கேல் கோஹன், ஜேம்ஸ் மார்ச், யோஹான் ஓல்சன் மூவரும் 1972-இல் முன்வைத்த ‘குப்பைத்தொட்டி மாதிரி’யின்படி, பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகளில் பிரச்சினைகளும் தீர்வுகளும் ஆட்களும் தனித்தனியே அலைந்துகொண்டிருப்பார்கள். முடிவெடுக்கும் சந்தர்ப்பம் ஒன்று திறந்தால் போதும், சம்பந்தமில்லாததெல்லாம் அதில் வந்து விழும். கோஹனும் மார்ச்சும் அமெரிக்கக் கல்லூரித் தலைவர்களைப் பற்றி 1974-இல் எழுதியபோது, அப்படி விழுவதற்கென்றே ஒரு தொட்டியைத் தனியாக வைத்துவிடுங்கள் என்பதைத் தலைவர்களுக்கான யோசனைகளில் ஒன்றாகச் சொன்னார்கள். நிகழ்ச்சி நிரலின் முதல் பொருள் அந்தத் தொட்டிதான்.

அவர்கள் சொன்ன இன்னொரு யோசனை, நடந்ததற்கு விளக்கம் எழுதும் வேலையைத் தலைவர் எடுத்துக்கொள்வது. அதையும் அன்றே பார்க்க முடிந்தது. பிரிவு அலுவலர் கொண்டுவந்த கூட்டக் குறிப்பின் வரைவில், “உயிரியல் துறையின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது; அறை புள்ளியியல் துறைக்கு ஒதுக்கப்பட்டது” என்றிருந்தது. தவறில்லை. பதிவாளர் பென்சிலால் அடித்து எழுதினார்: “உயிரியல் துறைத்தலைவரின் ஆலோசனையை ஏற்று, ஜெனரேட்டர் இணைப்புள்ள தரைத்தள அறை அத்துறைக்கு ஒதுக்குவது குறித்து, பொறியாளரின் அறிக்கையைப் பெற்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யப்படும். இரண்டாம் தள ஆய்வகம் புள்ளியியல் துறைக்கு ஒதுக்கப்படுகிறது.” அடுத்த கூட்டம் என்ற கெடுவும் பொறியாளர் என்ற பொறுப்பாளரும் அதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வெறுமனே “பரிசீலிக்கப்படும்” என்று எழுதியிருந்தால் அதன் அர்த்தம் என்ன என்று அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பேராசிரியர் விடவில்லை. “எல்லாம் சரி சார். ஆனா இது ஒரு மாதிரி ஏமாத்து இல்லையா? பொறியாளர் சொன்னது உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“நான் சொல்லியிருந்தா அவரோட கோரிக்கையை வெட்டறதுக்குக் காரணம் தேடினேன்னு நினைச்சிருப்பார். அவரே யோசிக்கட்டும்னுதான் கேட்டேன்.”

பதிவாளர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு பேராசிரியருக்கு. ஒரு தொழில்நுட்ப உண்மை ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் அதைத் தேவைப்படும்போது, தேவைப்படும் ஆளிடம் மட்டும் கோடிகாட்டுவது இந்த முறை நல்லபடியாக முடிந்தது. இன்னொரு முறை, இன்னொரு ஆளின் கையில் அப்படி முடியாமல் போகலாம். பேராசிரியர் இதையே கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த இட ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்கு வந்த தாள்களோடு பொறியாளரின் குறிப்பும் எல்லா உறுப்பினருக்கும் இணைக்கப்பட்டிருந்தது. கற்கவந்தவரின் கேள்வியால் கற்பித்தவரின் வழக்கம் மாறிய இடம் இது.

காப்பியடித்தபோது

ஷேடோயிங்கின் பெரிய ஆபத்து, பார்த்ததை அப்படியே செய்துபார்ப்பது. பேராசிரியர் தன் துறைக் கூட்டத்தில் பாடத்திட்ட மாற்றம் பற்றிய விவாதத்தில் பதிவாளர் போல எழுதிக்கொண்டே மௌனமாக இருந்தார். கூட்டம் முடிந்ததும் இளைய ஆசிரியர் ஒருவர் வந்து, “மேடம், உங்களுக்கு இதுல விருப்பமில்லையா?” என்று கேட்டார். மற்றவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவாளர் பேசாமல் இருந்தால், கோப்பு எப்படியும் அவரிடம்தான் திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மௌனத்துக்குப் பின்னால் அதிகாரம் இருக்கிறது, அதற்கு முன்னால் இரண்டு நாள் வேலையும் இருந்தது. சமமானவர்களுக்கு நடுவில் சுழற்சி முறையில் தலைவராக இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் தன் நிலைப்பாட்டைச் சொன்னால்தான் மற்றவர்கள் அதோடு மோதவோ சேரவோ முடியும். இதைப் பேசித் தெளிய மாலை அரை மணி நேரம் போதவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது கூட்டத்துக்கு முன்னால் அறையைப் போய்ப் பார்த்ததைத்தான் என்று முடிவுக்கு வந்தார்கள்.

திரும்பப் பெற்ற சுற்றறிக்கை

பதிவாளரும் சறுக்கினார். தேர்வு நெருங்கும் நேரத்தில் பராமரிப்பைக் காரணம் காட்டி நூலகத்தின் இரவு நேரத்தைக் குறைத்து ஒரு சுற்றறிக்கை போனது. விடுதி மாணவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் படிக்க வேறு இடமும் இல்லை. மறுநாள் காலை நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் கூட்டம்.

பல நிர்வாகிகள் இந்த மாதிரி நாளில் கூட இருப்பவரை நாசூக்காக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர், “இன்னிக்குத்தான் நீங்க இருக்கணும்” என்றார். மாணவர் பிரதிநிதிகளிடம், “கேட்டிருக்கணும், கேக்கல. நேரம் பழையபடியே இருக்கும்” என்று சொல்லி, பராமரிப்பை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களையே கேட்டார். முதல் சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர் துணைப்பதிவாளர். திரும்பப் பெறும் சுற்றறிக்கையில் பதிவாளர் தானே கையெழுத்திட்டார். பேராசிரியர் அன்று எழுதியது ஒரே வரி: “நல்ல செய்திக்கு யார் கையெழுத்து, கெட்ட செய்திக்கு யார் கையெழுத்து என்று பார்க்க வேண்டும்.”

யாருடைய பக்கத்தில் நாற்காலி போடுவது என்று தேர்ந்தெடுக்கும்போது, திறமைசாலியா என்பதோடு தன் தோல்வியை இன்னொருவர் பார்க்கச் சம்மதிப்பவரா என்றும் விசாரிக்க வேண்டும். இரண்டாவது கிடைப்பது அரிது.

மாற்ற வேண்டியவையும் விவாதத்துக்குரியவையும்

சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே இதை நடத்தியதன் சிக்கல் கடைசிவரை தீரவில்லை. நிதிக் கோப்பு வந்தால் வெளியே போக வேண்டும் என்ற விதி இருந்தாலும், எந்தத் துறை எதைக் கேட்கப்போகிறது என்பது பேராசிரியர் காதில் விழாமல் இல்லை. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் பயன்படுத்தினார் என்று மற்றத் துறைத்தலைவர்கள் சந்தேகப்பட இடம் இருந்தது, ஓரிருவர் சந்தேகப்படவும் செய்தார்கள். வேறு நிறுவனத்துக்கு அனுப்பினால் இது போய்விடும். ஆனால் அங்கே ஆட்களின் பழைய கதை தெரியாததால், முதல் பொருளில் முக்கால் மணி நேரம் கொட்டியதில் எது எதனால் வந்தது என்பது பாதி புரியாது.

ஆசிரியர்களை மட்டுமே இதற்குத் தேர்ந்தெடுப்பதும் சரியில்லை. கூட்டக் குறிப்பை வரைந்த அந்தப் பிரிவு அலுவலர், தன் வரைவு ஏன் அடிக்கப்பட்டது என்று கேட்கும் இடத்தில் இல்லை. திருத்திய தாளை எடுத்துக்கொண்டு தட்டச்சுக்குப் போனார். பேராசிரியருக்குக் கிடைத்த அரை மணி அவருக்கும் கிடைத்திருந்தால் அடுத்த வரைவு வேறு மாதிரி வந்திருக்கும். அடுத்த பருவத்தில் பக்கத்து நாற்காலியை ஓர் அலுவலருக்குக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது.

இந்த நிகழ்வை வகுப்பில் எடுத்துப் பேசுகிறவர்களுக்கு: பொறியாளர் சொன்னதைப் பதிவாளர் எப்போது, யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? புள்ளியியல் தலைவருக்கு அறை கிடைத்தது. குரல் உயர்த்தியதால் கிடைத்தது என்று அவர் நினைத்தால் அதற்குப் பதிவாளர் என்ன செய்ய வேண்டும்? உயிரியல் துறைக்கான தரைத்தள அறை அடுத்த கூட்டத்திலும் கிடைக்கவில்லை என்றால், திருத்தி எழுதப்பட்ட அந்தக் கூட்டக் குறிப்பை எப்படிப் படிப்பீர்கள்?